கப்பல் புதிது, யோசனை பழையது: போர்முறைகள் எப்படி மாறுகின்றன?

உயர்தரத்தில் வரலாறு படிக்கும் கல்முனைத் தம்பி ஒருவர் கேட்ட கேள்வி இது: "ட்ரோன் வந்த பிறகு பழைய போர்முறைகள் எல்லாம் வீணாகிவிட்டனவா? ஒரு போரிலிருந்து அடுத்த போருக்கு இராணுவங்களின் முறை எப்படி மாறுகிறது? புது ஆயுதம் வந்தால் தானாக மாறிவிடுமா?"

தானாக மாறாது, தம்பி. ஆயுதம் கைக்கு வந்து, சில வேளை இருபது முப்பது வருடம் போன பிறகுதான் அதை எப்படிப் பாவிப்பது என்ற தெளிவு வருகிறது. அந்தத் தெளிவு யாருக்கு முந்தி வருகிறதோ, அவர் பக்கம்தான் வெற்றி சாய்கிறது. ஆயுதத்தை முதலில் செய்தவருக்கே வெற்றி என்று எந்த நியதியும் கிடையாது. இதற்கு நல்ல சாட்சி ஒன்று நம் மட்டக்களப்புக் கடலுக்கு அடியிலேயே கிடக்கிறது. அதனால் கிரேக்கம், ரோமாபுரி என்று தொடங்காமல் இங்கிருந்தே தொடங்குகிறேன்.

ஹெர்மிஸ் என்ற கப்பலைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். கரையிலிருந்து ஏறக்குறைய ஒன்பது கிலோமீற்றர் தள்ளி, ஐம்பது மீற்றருக்கு மேற்பட்ட ஆழத்தில் கிடக்கிறது. நம் கடற்றொழிலாளர்களுக்குப் பழக்கமான இடம். பழைய கப்பலை வெட்டி மேலே தளம் போட்டு விமானந்தாங்கி ஆக்கிக்கொண்டிருந்த காலத்தில், விமானந்தாங்கியாகவே வரைபடம் கீறிக் கட்டத் தொடங்கிய உலகின் முதல் கப்பல் அது. 1919இல் நீரில் இறக்கினார்கள், 1924இல் சேவைக்கு வந்தது. அந்த நேரம் இந்தத் துறையில் பிரித்தானியாவை மிஞ்ச ஆளில்லை. 1921இல் ஜப்பான் உதவி கேட்டபோது, அந்த நாட்டுக் கடற்படை விமானிகளுக்குப் பயிற்சி கொடுக்க ஒரு குழுவையே அனுப்பியது.

இருபத்தொரு வருடம் கழித்து அந்த மாணவர்கள் இங்கே வந்தார்கள். 1942 ஏப்ரல் 5 அன்று கொழும்பைத் தாக்கினார்கள், 9ஆம் திகதி காலை திருகோணமலையை. தாக்குதல் வரப்போகிறது என்று தெரிந்ததால் 8ஆம் திகதி இரவே ஹெர்மிஸைத் துறைமுகத்திலிருந்து தெற்குப் பக்கமாக அனுப்பிவிட்டார்கள். அதன் விமானங்கள் திருகோணமலையில் தரையில் நின்றன. காலையில் திரும்பி வரும் வழியில் ஜப்பானிய வேவு விமானம் ஒன்று கண்டுவிட்டது. ஹெர்மிஸ் காவலுக்கு விமானம் கேட்டது. நேரத்துக்கு வந்து சேரவில்லை. குத்தென்று இறங்கிக் குண்டுபோடும் விமானங்கள் அலை அலையாக வந்தன. அரை மணித்தியாலத்துக்குள் கப்பல் மூழ்கிவிட்டது. முந்நூறுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். துணைக்கு வந்த வம்பயர் என்ற அவுஸ்திரேலிய நாசகாரிக் கப்பலும் போனது. பிரிட்டிஷ் சார்ஜன்ட் என்ற எண்ணெய்க் கப்பலும் அதே நாளில் இதே கடலில் மூழ்கியது. தப்பியவர்களில் ஏறக்குறைய 600 பேரை வீட்டா என்ற மருத்துவக் கப்பல் ஏற்றிச் சென்றது.

ஒரு விமானந்தாங்கி, மேலே ஒரு விமானம்கூட இல்லாமல், விமானந்தாங்கிகளிலிருந்து வந்த விமானங்களால் மூழ்கியது. இதை வெறும் துரதிர்ஷ்டம் என்று தள்ளிவிட முடியாது. பிரித்தானியக் கடற்படையின் எண்ணத்தில் கடற்போரைத் தீர்மானிப்பது பெரிய பீரங்கி ஏற்றிய போர்க்கப்பல்தான். விமானந்தாங்கி அதற்குக் கண்ணாக இருந்து எதிரியைத் தேடிக் கொடுக்க வேண்டும், முடிந்தால் ஒரு டோர்பிடோ போட்டு எதிரியின் வேகத்தைக் குறைக்க வேண்டும். அதனால் ஒவ்வொரு தாங்கியையும் தனித்தனியே பிரித்து வைத்தார்கள். இதைவிடப் பெரிய சிக்கல் நிர்வாகத்தில் இருந்தது. 1918இல் விமானப்படை தனிப்படையான போது கடற்படையின் விமானங்களும் அதன் கைக்குப் போயின. 1939 வரை திரும்பி வரவில்லை. கப்பல் ஒருவருடையது, அதன் மேல் நிற்கும் விமானம் இன்னொருவருடையது. ஐரோப்பாவில் பெரும்பாலானோர் ஒற்றை இறக்கை விமானத்துக்கு மாறிவிட்ட நேரத்திலும் ஹெர்மிஸ் காவிக்கொண்டு திரிந்தது துணி போர்த்திய இரட்டை இறக்கை சுவோர்ட்ஃபிஷ்.

ஜப்பான் செய்த மாற்றம் இரும்பில் இல்லை. 1941 ஏப்ரலில் தன் பெரிய விமானந்தாங்கிகளை எல்லாம் ஒரே தளபதியின் கீழ் ஒரே படையாகச் சேர்த்தது. அவ்வளவுதான். ஒரு தாங்கியிலிருந்து இருபது விமானம் போனால் அது தொல்லை. ஐந்து தாங்கியிலிருந்து ஒரே நேரத்தில் நூற்றுக்கு மேல் போனால் ஒரு துறைமுகமே போய்விடும். பேர்ள் துறைமுகத்துக்கு ஆறு தாங்கிகள் போயின, இலங்கைக்கு ஐந்து வந்தன. இராணுவக் கோட்பாடு என்று நாம் சொல்வது இதைத்தான்: கையில் இருப்பவற்றை எப்படி அடுக்குவது, யார் கையில் கொடுப்பது, எந்த நோக்கத்துக்கு விடுவது என்பதில் ஒரு படைக்கு இருக்கும் பொது நம்பிக்கை. களத்தில் அன்றன்று செய்யும் வேலை உத்தி. உத்தியை ஒரு கப்டன் மாற்றலாம். கோட்பாட்டை மாற்ற வேண்டுமானால் பயிற்சிக் கல்லூரி, பதவி உயர்வு, ஆயுதக் கொள்வனவு, அடுத்தவருக்கு எந்த அதிகாரத்தை விட்டுக்கொடுப்பது என்று எல்லாமே மாற வேண்டும். அதனால்தான் அது ஆமை வேகத்தில் நகர்கிறது.

வென்றவருக்கும் இது பொருந்தும். இங்கே வந்த அக்காகி, சோர்யு, ஹிர்யு ஆகிய மூன்று விமானந்தாங்கிகளும் இரண்டே மாதத்தில், காகா என்ற இன்னொன்றோடு சேர்ந்து, அமெரிக்காவுடனான மிட்வே கடற்சண்டையில் மூழ்கின. வேவு பார்ப்பதற்குப் போதிய விமானம் ஒதுக்காத பழக்கம், தளத்தில் தீப்பிடித்தால் சமாளிக்க வேண்டிய பயிற்சியில் இருந்த குறை, தொடர்ந்து வென்றதால் வந்த மிதப்பு என்று பல காரணம். தோற்றவன்தான் தன் முறையைத் தோண்டிப் பார்க்கிறான். வென்றவனுக்கு அதற்கு அவசரமில்லை.

இனிக் கரைக்கு வருவோம். புளியந்தீவில் வாவியை ஒட்டி நிற்கும் கோட்டையைப் பார்த்திருப்பீர்கள். கச்சேரி வேலையாக அதற்குள் போய் வந்தவர்கள் பலர், அதன் மூலைகளைக் கவனித்தவர்கள் குறைவு. 1628இல் போர்த்துக்கேயர் கட்டியது. நான்கு மூலையிலும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கொத்தளங்கள் அழகுக்கு வைத்தவை அல்ல. அவற்றுக்குப் பின்னால் ஏறக்குறைய ஒன்றரை நூற்றாண்டுப் பாடம் இருக்கிறது. உயரமான, மெல்லிய மதில்கள் பீரங்கிக்குத் தாங்காது என்று 1453இல் கொன்ஸ்தாந்திநோபிளிலும், 1494இல் பிரெஞ்சு அரசன் எட்டாம் சார்ள்ஸ் இத்தாலிக்குள் இறங்கியபோதும் தெரிந்துவிட்டது. அதற்குப் பிறகு இத்தாலியப் பொறியியலாளர்கள் மதிலைத் தாழ்த்தித் தடிப்பாக்கினார்கள். மூலைகளை வெளியே தள்ளினார்கள். ஒரு கொத்தளத்தில் நிற்கும் பீரங்கி அடுத்த கொத்தளத்தின் மதிலோரம் முழுவதையும் துடைத்துக்கொண்டு சுடலாம். மதிலடியில் எதிரி ஒளிந்து நிற்க ஒரு மூலையும் மிஞ்சாது. மட்டக்களப்பில் இரண்டு பக்கம் வாவியே அகழி. மதில் முற்றுதலுக்கு உழிஞை, மதில் காத்தலுக்கு நொச்சி என்று தனித்தனித் திணை வகுத்த நம்மவர்களுக்கு இந்தக் கணக்கு ஒன்றும் புதிதில்லை. பீரங்கி வந்ததும் அதன் வடிவம் மாறியது.

அப்படிப்பட்ட கோட்டை பத்தே வருடத்தில், 1638 மே 18 அன்று, ஒல்லாந்தர் கையில் விழுந்தது. கோட்டையில் குறையில்லை. கோட்டை என்ற முறையே ஒரு நம்பிக்கையில் நிற்கிறது: உள்ளே இருப்பவர்கள் தாக்குப்பிடிக்க வேண்டும், அதற்குள் வெளியிலிருந்து மீட்புப்படை வர வேண்டும். போர்த்துக்கேயரின் களப்படை அந்த மார்ச் 28ஆம் திகதியே கண்டிக்கு அருகே கன்னொறுவையில் இரண்டாம் இராஜசிங்கனிடம் அழிந்துபோயிருந்தது. மீட்க வர ஆளில்லாத கோட்டை வெறும் கல்.

கன்னொறுவையில் நடந்ததைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் கெரில்லாப் போர் என்றதும் நாம் சீனாவையும் வியட்நாமையும்தான் நினைக்கிறோம். கண்டி அரசர்களின் முறை நூற்றாண்டுகளுக்கு முந்தியது. எதிரி மலையேறி வரட்டும் என்று விடுவார்கள். தலைநகரைக் காலி செய்துவிடுவார்கள். வந்தவன் ஆளில்லாத ஊரைப் பிடித்து, எரித்து, சாப்பாடு தீர்ந்ததும் திரும்ப வேண்டும். திரும்பும் காட்டுப் பாதையில் மரம் வெட்டிப் போட்டு, இரண்டு பக்கமும் நின்று அடிப்பார்கள். கன்னொறுவையில் போர்த்துக்கேயருக்கு நடந்தது இதுதான். 1803இல் ஆங்கிலேயர் வந்து அதே பொறிக்குள் கால்வைத்தார்கள். காலியான கண்டியைப் பிடித்து, காய்ச்சலில் பாதி சாகக் கிடந்த மேஜர் டேவியின் படை அந்த ஜூனில் அழிந்தது. பிறகு ஆங்கிலேயர் 1815இல் வந்தது பிரதானிகளின் பிளவைப் பிடித்துக்கொண்டு. 1818 கிளர்ச்சியை அடக்கிய கையோடு அவர்கள் செய்த முக்கியமான வேலை கொழும்பிலிருந்து கண்டிக்கு வீதி போட்டது. காட்டுப்பாதையை நம்பி நின்ற ஒரு போர்முறையை வீதி போட்டு முறித்தார்கள். படைக்கலத்தில் சேராத ஒரு பொருள் போர்முறையை மாற்றுவதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

பாடப்புத்தகத்தில் நெப்போலியனும் கட்டாயப் படைச் சேர்ப்பும் விரிவாக இருப்பதால் அதைத் தாண்டிப் போகிறேன். உங்கள் கேள்விக்கு நேரான பதில் முதலாம் உலகப் போரில் இருக்கிறது.

துப்பாக்கிக் குழாய்க்குள் புரி வெட்டியதும் சுடும் தூரம் பல மடங்கானது. 1862இல் அமெரிக்காவின் பிரெட்ரிக்ஸ்பர்க்கில், கல்மதிலுக்குப் பின்னால் நின்றவர்களை நோக்கி வரிசை வரிசையாக நடந்தவர்கள் அந்த மதிலைத் தொடவே இல்லை. 1884இல் மாக்சிம் இயந்திரத் துப்பாக்கி. 1904-05இல் போர்ட் ஆர்தரில் ரஷ்யாவும் ஜப்பானும் முள்ளுக்கம்பி, பங்கர், இயந்திரத் துப்பாக்கி என்று மோதியபோது ஐரோப்பிய நாடுகளின் அதிகாரிகள் பக்கத்தில் நின்று குறிப்பெடுத்தார்கள். எல்லாம் கண்ணால் கண்டார்கள். கண்டு என்ன முடிவுக்கு வந்தார்கள்? "ஜப்பானியர் எவ்வளவு இழந்தாலும் முன்னேறினார்கள், அதனால்தான் வென்றார்கள், ஆகவே மனவுறுதி இருந்தால் தாக்குபவன் வெல்வான்." பார்த்த காட்சி சரி, எடுத்த பாடம் பிழை. 1916 ஜூலை 1, பிரான்சின் சோம் ஆற்றங்கரையில் ஏழு நாள் ஷெல் அடித்த பிறகு பிரித்தானியக் காலாட்படை எழுந்து நடந்தது. ஜெர்மானியர் ஆழமான நிலக்கீழ் அறைகளில் உயிரோடு இருந்தார்கள். ஒரே நாளில் 57,470 பேர் பாதிப்பு, அதில் 19,240 பேர் சாவு. அந்த இலக்கங்களை நான் எத்தனை தரம் கரும்பலகையில் எழுதினாலும் மனம் கனக்கும்.

அந்த இறுக்கத்தை உடைத்தது யுத்த தாங்கி (டாங்கி) என்றுதான் பலரும் எழுதுகிறார்கள். தாங்கி 1916 செப்டெம்பரிலேயே வந்துவிட்டது. ஆனால் அதிகம் மாறியது ஆட்லெறி. இதை நம் பகுதி ஆட்கள் இலகுவாகப் பிடித்துக்கொள்வார்கள். சண்டைக் காலத்தில் தூரத்தில் ஷெல் குத்தும் சத்தம் கேட்டதும், எந்தப் பக்கம், எவ்வளவு நேரத்தில் விழும் என்று காதாலேயே கணக்குப் போட்டு பங்கருக்குள் இறங்கியவர்கள் நாங்கள். 1916-17இல் லோரன்ஸ் பிராக் என்ற இளம் இயற்பியலாளர் இதையே கருவியால் செய்தார். முன்னரங்கின் பின்னால் வரிசையாக மைக்ரோபோன் வைத்தால், ஒரே வெடிச்சத்தம் ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு நேரத்தில் வந்து சேரும். அந்தச் சிறு வித்தியாசத்தைக் கணக்கிட்டால் எதிரியின் பீரங்கி நிற்கும் இடம் வரைபடத்தில் புள்ளியாக விழும். காற்று, வெப்பம், குழாயின் தேய்மானம் எல்லாவற்றையும் கணக்கில் சேர்த்தால், முன்கூட்டிச் சுட்டுப் பார்க்காமலே முதல் ஷெல்லை இலக்கில் போடலாம். ஏழு நாள் அடித்து எதிரியை எழுப்பிவிடும் வேலை முடிந்தது. 1918 ஆகஸ்ட் 8, பிரான்சின் அமியனில் நேச நாடுகளின் தாங்கி, விமானம், ஆட்லெறி, காலாட்படை நான்கும் ஒரே நிமிடத்தில் முன்னறிவிப்பின்றிப் புறப்பட்டன. ஜெர்மானியப் பக்கத்திலும் அதே வருடம் மார்ச்சில் சிறு குழுக்களாகப் பிரிந்து, பலமான இடத்தை விட்டுவிட்டு இடைவெளியால் நுழையும் முறை வந்திருந்தது. இரண்டு தரப்பும் இரண்டு வழியால் ஏறக்குறைய ஒரே விடைக்கு வந்தன.

போர் முடிந்த பிறகு நடந்ததுதான் பெரிய பாடம். தோற்ற ஜெர்மனியில் தளபதி சீக்ட் 1919 டிசம்பரிலேயே போரின் பாடங்களை ஆராயக் குழுக்கள் போட்டார். நானூறுக்கு மேற்பட்ட அதிகாரிகள் அதில் வேலை செய்தார்கள். வென்ற பிரித்தானியா அதே வேலைக்கு ஒரு குழு போட்டது 1932இல். 1940இல் பிரான்சிடம் ஜெர்மனியைவிட அதிகத் தாங்கிகள் இருந்தன, கவசமும் பலவற்றில் தடிப்பு. ஆனால் பலவற்றில் வானொலி இல்லை, கோபுரத்துக்குள் ஒரே ஆள் இருந்து கட்டளையும் இட்டு, குண்டும் போட்டு, சுடவும் வேண்டும். பெரும் பகுதியைக் காலாட்படைக்குப் பிரித்துக் கொடுத்திருந்தார்கள். பிரெஞ்சுத் தலைமைத் தளபதி கமெலினின் தலைமையகத்தில்கூட வானொலித் தொடர்பு இல்லை. மே 13 அன்று செடானில் ஆற்றைக் கடக்கத் தொடங்கிய ஜெர்மானியத் தாங்கிப்படை மே 20 அன்று கடற்கரையைத் தொட்டது. பிரெஞ்சுக் கட்டளை ஒன்று மேலிருந்து கீழே வந்து சேருவதற்குள் அது சொன்ன இடத்தில் எதிரி இல்லை. ஹெர்மிஸின் கதையே தரையில் திரும்பவும் நடந்தது: இரும்பு இருந்தது, அதை அடுக்கிய விதம் பழையது.

நம் நாட்டுப் போரைத் தொடாமல் போனால் அது நேர்மையாகாது. 1983 முதல் 2009 வரை இரு தரப்பும் ஒன்றின் முறையை மற்றது பார்த்து மாறின. கடலில் புலிகள் சிறிய, வேகமான படகுகளைக் கூட்டமாக விட்டுப் பெரிய படகுகளைத் திணறடித்தார்கள். கடைசி வருடங்களில் கடற்படையும் சிறிய படகுகளை அதைவிட அதிக எண்ணிக்கையில் கட்டி அதே முறையைத் திருப்பிப் பாவித்தது. தரையில் இராணுவம் பெரிய அணிவகுப்பைக் குறைத்து, காட்டுக்குள் பல நாள் தங்கும் சிறு குழுக்களைப் பெருக்கியது. 2007 ஜூலையில் குடும்பிமலையில் முடிந்த கிழக்குச் சண்டையை வெளிநாட்டு இராணுவக் கல்லூரிகளில் இன்று பாடமாக ஆராய்கிறார்கள். அந்தக் கட்டுரைகளில் அம்புக்குறிகள் இருக்கும். வாகரையிலிருந்து நடந்து வந்த சனமும், படுவான்கரையை விட்டு வாவியைக் கடந்து கூடாரங்களுக்கு வந்த சனமும் பெரும்பாலும் ஒரு அடிக்குறிப்பாகத்தான் இருப்பார்கள். போர்க்கலையைப் படிக்கும் எவரும் அந்த அம்புக்குறிக்குக் கீழே ஊர் இருக்கிறது என்பதை மறக்கக் கூடாது. இதை ஒரு ஆசிரியனாக அழுத்திச் சொல்கிறேன்.

சரி, ட்ரோனுக்கு வருவோம். அதற்கு முன் 1973 அரபு-இஸ்ரேல் போரைத் தெரிந்திருக்க வேண்டும். அந்த ஒக்டோபரில் சினாயில் எகிப்தியக் காலாட்படையினர், ஆள் தூக்கிச் செல்லக்கூடிய, கம்பியால் வழிநடத்தும் ஏவுகணையால் இஸ்ரேலியத் தாங்கிகளைக் கொத்தாக அழித்தார்கள். "தாங்கியின் காலம் முடிந்தது" என்று அன்றும் எழுதினார்கள். முடியவில்லை. காலாட்படையும் ஆட்லெறியும் இல்லாமல் தனியே ஓடிய தாங்கிகள்தான் அழிந்தன. வியட்நாமால் அடிபட்டிருந்த அமெரிக்க இராணுவம் அந்தப் போரை வரிவரியாகப் படித்து, பயிற்சிக்கும் கோட்பாட்டுக்கும் 1973இல் தொடங்கியிருந்த தனிக் கட்டளையகத்தின் மூலம் தன்னை மாற்றிக்கொண்டது. முதல் முயற்சியான 1976 கோட்பாடு உள்ளேயே கடும் எதிர்ப்பைச் சந்தித்து, 1982இல் தரையையும் வானையும் ஒன்றாகப் பிணைக்கும் புதிய கோட்பாடு வந்தது. 1991 வளைகுடாப் போரில் தரைச்சண்டை 100 மணித்தியாலத்தில் முடிந்ததற்கு அதுவும் ஒரு காரணம். பிறகு அதே இராணுவம் ஈராக்கில் தெருவோரக் குண்டுகளுக்கு முன்னால் திணறி, வியட்நாமுக்குப் பின் மூடி வைத்த கிளர்ச்சி எதிர்ப்புப் பாடத்தை 2006இல் திரும்பவும் எழுத வேண்டி வந்தது. வென்ற போருக்கு ஏற்றபடிதான் தன்னைத் தீட்டி வைத்திருந்தது.

உக்ரைனில் இன்று நடப்பதில் பாதி 1916, பாதி புதிது. பங்கர், முள்ளுக்கம்பி, கண்ணிவெடி, ஆட்லெறி எல்லாம் இருக்கின்றன. மேலே எந்நேரமும் ட்ரோன் நிற்பதால், பல கிலோமீற்றர் ஆழத்துக்கு எவரும் கூட்டமாகக் கூட முடியாது. படை திரட்டித் திடீரென்று அடிப்பது என்ற நூறு வருடப் பழைய அடிப்படையே ஆட்டம் காண்கிறது. ட்ரோனின் அலைவரிசையைக் குழப்பும் கருவி வந்தது. அதற்குப் பதிலாக மெல்லிய ஒளியிழையை அவிழ்த்துக்கொண்டே பறக்கும் ட்ரோன் வந்தது. 1973இன் கம்பி திரும்ப வந்திருக்கிறது, பாருங்கள். கடலிலும் அதே கதை: 2022 ஏப்ரலில் மொஸ்க்வா என்ற ரஷ்யாவின் கருங்கடல் கொடிக்கப்பல் கரையிலிருந்து ஏவிய ஏவுகணைகளால் மூழ்கியது. பெரிய கப்பல் எதுவும் இல்லாத ஒரு நாடு, ஆளில்லாப் படகுகளையும் சேர்த்துக்கொண்டு, அந்தக் கடற்படையைக் கிறிமியாவின் மேற்குப் பக்கத்திலிருந்து பின்வாங்க வைத்தது.

ஆகவே, தம்பி, பழையவை வீணாகவில்லை. மறைந்து நில், சிதறி நகர், சேர்ந்து அடி, எதிரியின் வழங்கலை அறு என்பவை கண்டிக் காட்டிலும் இருந்தன, உக்ரைன் வயலிலும் இருக்கின்றன. அவற்றைச் செய்யும் விதமும் வேகமும் மாறிவிட்டன. தீராமல் கிடப்பது அமைப்பு பற்றிய கேள்வி. உக்ரைன் 2024இல் ஆளில்லா ஆயுதங்களுக்கென்று தனிப்படையே அமைத்தது. வேறு பலர் அப்படிப் பிரிக்காமல் ஒவ்வொரு பட்டாலியனுக்குள்ளும் ட்ரோன் அணியைக் கலந்துவிடு என்கிறார்கள். தனியே பிரித்தால் அந்தத் துறை வேகமாக வளரும், ஆனால் ஹெர்மிஸுக்கு நடந்தது போல் தேவையான நேரத்தில் தேவையான ஆள் கையில் விமானம் இராது. எல்லோருக்கும் பங்கிட்டால் எப்போதும் கையில் இருக்கும், ஆனால் 1940 பிரெஞ்சுத் தாங்கிகள் போல் ஓரிடத்தில் குவித்து அடிக்கும் பலம் போய்விடும். உங்கள் கட்டுரைக்கு இந்த இரண்டு உதாரணத்தையும் எதிரெதிரே வைத்து எழுதிப் பாருங்கள். பரீட்சைத் தாளில் அதிகம் காணாத கோணம், ஆதாரமும் உங்கள் கைக்குள் இருக்கிறது.